317ஆம் எண் டாங்கி சேதமின்றித் திரும்பியது

எங்கள் டாங்கியைச் செய்தவர்கள் பாக்தாதில் கல்யாண அலமாரி செய்கிற தச்சர்கள். நல்ல வேலைக்காரர்கள், குறை சொல்லக் கூடாது. மரச் சட்டம், அதன்மேல் ஒட்டுப்பலகை, அதற்கும் மேல் தார்ப்பாய், மணல் நிறத்தில் இரண்டு கை பெயின்ட். பீரங்கிக்குக் கழிவுநீர்க் குழாயை நீட்டிவிட்டிருந்தார்கள். ஏறும்போது பிடித்துக்கொள்ள வைத்த பித்தளைக் கைப்பிடியில் பூவேலை இருந்தது. தூக்கிக்கொண்டு போக வசதியாக நான்கு மூலையிலும் நான்கு கட்டைகள். அதுதான் 317ஆம் எண் டாங்கி. அதில் நான் பீரங்கி சுடுகிறவன்.

அதற்கு முன் எங்களுக்கு உண்மையான டாங்கி ஒன்று இருந்தது. டிசம்பரில் ஒருநாள் அதைப் பிடுங்கிக்கொண்டு, பஸ்ராவுக்குத் தெற்கே பாலைவனத்தில் இந்த மரத்தை இறக்கினார்கள். எதிரியைக் குழப்பும் பிரிவிலிருந்து கர்னல் முவஃபக் ஜீப்பில் வந்தார். எங்கள் நால்வரையும் வரிசையாக நிறுத்திவைத்து நாற்பதாயிரம் பேருக்குப் பேசுகிற குரலில் பேசினார்.

"வீரர்களே! எதிரியின் விமானம் முட்டாள் அல்ல. ஆள் இல்லாத டாங்கியை அது நம்பாது. எனவே இந்த டாங்கிக்கு முழுக் குழு உண்டு. காலையில் ஏறுவீர்கள், மாலையில் இறங்குவீர்கள். உங்கள் மேல் விழுகிற ஒவ்வொரு குண்டும் உண்மையான டாங்கி மேல் விழாத குண்டு. இது மரம் என்பது ராணுவ ரகசியம். நம் படையிலேயே யாருக்கும் தெரியக் கூடாது. சொன்னவனுக்குச் சுவரும் துப்பாக்கியும்தான்."

மிஸ்ஹர் கையைத் தூக்கினான். பீரங்கிக்குள் குண்டைத் தூக்கிப் போடுகிறவன் அவன்தான். அமாராப் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்காரன், எருமை மேய்த்தவன், ஆறடிக்கு மேல். அப்பா அம்மா இல்லாமல் அக்கா வளர்த்த பிள்ளை. மனதில் பட்டதைக் கேட்டுவிடுவான்.

"அப்போ குண்டு எங்க மேல விழுமா ஐயா?"

"விழ வேண்டும். விழவில்லை என்றால் நீங்கள் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்."

"சரிங்க ஐயா," என்றான் மிஸ்ஹர். நிஜமாகவே புரிந்துவிட்டது போலத்தான் தலையாட்டினான்.

எங்கள் தலைவர் சார்ஜென்ட் கத்பான். போன யுத்தத்தில் எட்டு வருஷமும் டாங்கிக்குள்ளேயே கழித்தவர், இரண்டு முறை எரிந்து வெளியே வந்தவர். இடது காதில் பாதிதான் மிச்சம். ராணுவம் ஒன்று சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்று நம்புவார். காரணம் கிடைக்காவிட்டால் தானே ஒன்றைக் கண்டுபிடித்துத் தருவார். ஓட்டுநர் யூனான், மோசூல் பக்கத்துக் கிறிஸ்தவன், ஊரில் மெக்கானிக். நான் திவானியாவில் கணக்கு வாத்தியார். முப்பத்தாறு வயதில், இரண்டாம் முறையாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தினமும் காலை ஏறி உட்காருவோம். யூனான் இல்லாத பெடலை மிதித்து, "இன்ஜின் சூடு சரி," என்பான். நான் கழிவுநீர்க் குழாயை இடமும் வலமும் திருப்புவேன். நிஜக் குண்டைத் தூக்கிப் பழக வழியில்லை, ஒன்றை வைத்தபோதே தளப்பலகை உடைந்துவிட்டது. எனவே மிஸ்ஹர் வெறுங்கையால் தூக்கிப் போடுவான்.

"போட்டாச்சுண்ணே."

"சத்தம் வரலியேடா?" என்பார் கத்பான்.

"இல்லாத குண்டுக்கு எப்படிண்ணே சத்தம் வரும்?"

"வாயால போடு. கை பழக்கம் போயிடக் கூடாது. நாளைக்கே இரும்பு டாங்கி குடுப்பாங்க, அப்போ என்ன செய்வே?"

"டங்," என்பான் மிஸ்ஹர்.

வாரம் ஒருமுறை டீசல் லாரி வந்தது. லாரிக்காரனுக்கு ரகசியம் தெரியக் கூடாது. ஆகவே அவன் கண்ணெதிரே குழாயை டாங்கிக்குள் விட்டு, அந்தப் பக்கம் ஒரு பீப்பாயில் பிடித்துக்கொண்டோம். மூன்றாவது வாரம் அவனே பீப்பாய்க்குப் பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு மேஜர் இயந்திரச் சோதனைக்கு வந்தார். சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், மூடியைத் தூக்கி உள்ளே தலையை விட்டார். வெளியே வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. 

"இதப் பாருங்க சார்ஜென்ட்," என்றார் மெதுவாக. "நான் பாத்தது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா அதத் தெரிஞ்சுக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் பதவி வரல. இன்ஜின்ல அதிர்வு கொஞ்சங்கூட இல்லன்னு எழுதிக்கிறேன். அது உண்மைதானே?"

"முழு உண்மை ஐயா," என்றார் கத்பான்.

படையிலேயே சிறந்த பராமரிப்பு என்று எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கத்பான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யூனான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி நடுவில் விமானங்கள் வந்தன. எங்கள் படையில் ஐம்பத்திரண்டு டாங்கிகள். மணலைத் தோண்டிக் கழுத்து வரை புதைத்து வைத்திருந்தார்கள். ஆனால் இரும்பு பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் சூடாக இருக்கும். அந்த விமானங்களுக்குச் சூடுதான் கண்ணில் படும். ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்கள். எங்களுடையது மரம், வெயில் இறங்கியதும் ஆறிவிடும். ஐந்து வாரத்தில் ஐம்பத்தொரு டாங்கிகள் போய்விட்டன. எங்கள் டாங்கிக்கு ஒரு கீறல் இல்லை. சுற்றி எத்தனையோ பேர் கருகிக் கிடந்தபோது நாங்கள் மட்டும் ஏறி, இறங்கி, 'டங்' சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

கர்னல் முவஃபக்கிடமிருந்து பாராட்டு வரவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வந்தது. எதிரியைக் கவரத் தவறியது ஏன்? மற்ற டாங்கிகள் எல்லாம் கடமையைச் செய்துவிட்ட நிலையில் 317 மட்டும் ஒதுங்கி நிற்பது கோழைத்தனமா? உடனடியாக டாங்கிக்குள் கரி அடுப்பு மூட்டி, டாங்கியைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"அடுப்ப மூட்டி சாவ வீட்டுக்குக் கூப்பிடச் சொல்றான்," என்றான் யூனான்.

"உத்தரவு," என்றார் கத்பான். ஆனால் இந்த முறை அவருக்கும் காரணம் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அடுப்பு மூட்டினோம். புகையில் கண் எரிந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் கத்பான், "ஒரு டீ குடிக்கலாம்டா," என்றார். உள்ளே டீ போட இடமில்லை. மிஸ்ஹர் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் மணல்மேட்டுக்குப் பின்னால் வைத்தான். டீயைப் போட்டு, கெண்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். எதிரிக்கு அப்போதுதான் எங்கள் சூடு கண்ணில் பட்டிருக்கிறது. குண்டு குறி தப்பாமல் அடுப்பின் மேல் விழுந்தது.

நாங்கள் ஓடிப் போனபோது மிஸ்ஹர் உட்கார்ந்துதான் இருந்தான். தொடையில் என் உள்ளங்கை நுழைகிற அளவு கிழிசல். "டீ கொட்டிடுச்சுண்ணே," என்றான். என் தலைத்துணியால் இறுக்கிக் கட்டினேன். கத்பான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான்தானே கேட்டேன், நான்தானே கேட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலை பின்வாங்க உத்தரவு வந்தது. அதற்குப் பின்வாங்கல் என்று பெயரில்லை, 'வெற்றிகரமான இடமாற்றம்'. டாங்கியை விட்டுவிட்டு வருகிறவன் பஸ்ராவுக்குப் போகிற வழியில் உள்ள பாலத்தில் சுடப்படுவான் என்று கடைசி வரியில் இருந்தது. சாலையில் காயம்பட்டவர்களை ஏற்றும் லாரி நின்றது. மிஸ்ஹரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லாரியில் இடம் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். மருத்துவ உதவியாள் அட்டையைப் புரட்டினான்.

"டாங்கிக்காரங்களா? காயம்பட்ட டாங்கிக்காரன் அவனவன் டாங்கியிலதான் வரணும். இது நடந்து போற சிப்பாய்ங்க லாரி."

"எங்க டாங்கி நகராதுப்பா," என்றேன்.

"ரிப்பேரா? பழுதுச் சீட்டு குடுங்க. இல்ல எரிஞ்சு போச்சுன்னா அத நான் பாத்தாப் போதும், இப்பவே ஏத்திக்கிறேன். அங்க நிக்குதே, நல்லாத்தானே இருக்கு?"

யூனான் என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான்.

"சார்ஜென்ட், ஒரே ஒரு குச்சி. டீசல் பீப்பாய் பக்கத்துலயே இருக்கு. ரெண்டு நிமிஷத்துல எரிஞ்சிடும். இவரே சாட்சி. மிஸ்ஹர் மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருப்பான்."

கத்பான் தீப்பெட்டியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். தூரத்தில் நின்ற டாங்கியைப் பார்த்தார். இரண்டு முறை டாங்கியோடு எரிந்த மனிதர் அவர். தன் கையால் ஒன்றைக் கொளுத்துவது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

"சொந்த டாங்கிய எரிச்சா நாலு பேரையும் நிக்க வச்சிச் சுடுவாங்க," என்றார். "இவனையும் சேத்துத்தான்."

"வேணாம் யூனான்," என்றான் மிஸ்ஹர். "எனக்காக டாங்கியக் கொளுத்துனாங்கன்னு பேச்சு வரக் கூடாது. அக்காவுக்குக் கேவலம்."

லாரி கிளம்பிவிட்டது. அந்த ஒரு தீக்குச்சியை நான் உரசியிருக்கலாம். கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கூட்டல் கழித்தல் கூட அன்று வரவில்லை.

தண்ணீர்ப் பீப்பாய் இழுக்கிற இரண்டு சக்கர வண்டி ஒன்று கிடந்தது. அதில் மிஸ்ஹரைப் படுக்கவைத்து, தளப்பலகையைக் கழற்றிவிட்டு டாங்கியை அவன்மேல் கூண்டு போல வைத்துக் கயிற்றால் கட்டினோம். இரண்டு பேர் இழுக்க, ஒருவர் தள்ள, 317ஆம் எண் டாங்கி முதல்முறையாக நகர்ந்தது. பாலம் பன்னிரண்டு கிலோமீட்டர்.

சாலை முழுக்க எரிந்த லாரிகளும், காலில் பூட்ஸ் இல்லாத சிப்பாய்களும். யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சிரிக்கத் தெம்பில்லை. ஒருவன் மட்டும் கேட்டான், "இத எங்க கொண்டு போறீங்க?"

"பஸ்ராவுக்கு."

"அங்க மரத்துக்கு என்ன பஞ்சம்?"

"இது டாங்கி," என்றார் கத்பான். அவன் மேலே எதுவும் கேட்காமல் நடந்தான்.

நடுவழியில் ஒரு விமானம் தாழ வந்தது. எல்லாரும் சாலையை விட்டுக் குதித்தார்கள். எங்களால் மிஸ்ஹரை விட்டு ஓட முடியாது, நின்றோம். விமானம் ஒருமுறை வட்டமடித்தது. எங்களை நன்றாகப் பார்த்தது. பிறகு போய்விட்டது.

யூனான் வண்டியைக் கீழே விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான். "எதிரிக்கு இது மரம்னு தெரியும். டீசல் லாரிக்காரனுக்குத் தெரியும். மேஜருக்குத் தெரியும். போற வர்ற பிச்சக்காரனுக்குக் கூடத் தெரியும். அப்போ நாம யாருகிட்ட சார்ஜென்ட் ரகசியம் காக்கிறோம்?"

கத்பான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். டாங்கிக்குள்ளிருந்து மிஸ்ஹர் தண்ணீர் கேட்டான். கேட்ட குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

பாலத்தருகே மேஜை போட்டு ஒரு கேப்டன் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரோரம் கைகட்டப்பட்ட இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். கேப்டன் எங்களைப் பார்த்து எழுந்தே விட்டார். பட்டியலைப் புரட்டினார், எண்ணைச் சரிபார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"போனது ஐம்பத்திரண்டு டாங்கி. திரும்பி வந்தது இது ஒண்ணு. அதுவும் சேதமில்லாம!" சொல்லிக்கொண்டே டாங்கியின் பக்கவாட்டைத் தடவினார். விரலில் சிலாம்பு ஏறிவிட்டது. பல்லால் பிடுங்கித் துப்பிவிட்டு, "நல்ல உருக்கு," என்றார்.

"ஐயா, உள்ள ஒரு ஆளுக்குக் கால்ல அடி," என்றார் கத்பான். "ரத்தம் நிக்கல. ஆம்புலன்ஸ் வேணும்."

கேப்டனின் முகம் மாறியது. "டாங்கியில ஒரு ஓட்டையும் இல்ல. அதுக்குள்ள இருந்தவனுக்கு மட்டும் எப்படி அடி பட்டுச்சு? தானே சுட்டுக்கிட்டானா?" சுவரோரம் நின்றவர்களைத் தலையால் காட்டினார். "இவங்களும் அப்படித்தான். ஒருத்தன் காலு, ஒருத்தன் கை."

 மிஸ்ஹர் வெளியே டீ போடப் போனான் என்றால், குண்டு விழும் நேரத்தில் டாங்கியை விட்டு இறங்கியவன் ஆகிறான். அதற்கும் அதே சுவர்தான்.

"அடி இல்லீங்க ஐயா," என்றார் கத்பான் கடைசியில். "சிராய்ப்பு. கொஞ்சம் வயித்து வலி."

"அப்படிச் சொல்லுங்க. வயித்து வலிக்கு ஆம்புலன்ஸ் கிடையாது. ஜெனரலுக்குப் போன் போடுறேன், பேப்பர்ல இருந்து போட்டோ எடுக்க வருவாங்க. நாலு பேரும் டாங்கிமேல நிக்கணும். படம் எடுத்த கையோட, போட்டோக்காரங்க கார்லயே அவனப் பஸ்ராவுக்கு அனுப்பிடுறேன். என் பொறுப்பு. நானும் மனுஷன்தானே?"

கார் வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மிஸ்ஹரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது மரத்தைப் போலவே ஆறிக்கொண்டு வந்தது.

புகைப்படக்காரர் சுறுசுறுப்பானவர். கத்பான் தலைவர் இடத்தில், யூனான் முன்னால், மிஸ்ஹர் அவன் மூடிக்கு மேலே இடுப்பு வரை தெரிய. நான் உள்ளே முழங்காலிட்டு, மிஸ்ஹரை இடுப்பில் பிடித்து நிமிர்த்தி நிறுத்தினேன். அவன் வெற்றி என்று இரண்டு விரலை விரித்துத் தூக்கினான்.

"நாலாவது ஆள் எங்க?" என்றார் புகைப்படக்காரர்.

"உள்ள இருக்கான், போருக்கு எப்பவும் தயாரா," என்றார் கேப்டன். "அப்படியே எழுதிக்குங்க."

முதல் படத்துக்கு மேகம் மறைத்துவிட்டது. இரண்டாவதில் யூனான் கண்ணை மூடிவிட்டான்.

"வாத்தியாரே," என்றான் மிஸ்ஹர் மேலேயிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "விட்டுடாதீங்க. நான் விழுந்துட்டா படம் கெட்டுடும்."

"விடமாட்டேன்டா."

"அந்தப் பெரிய ஆளு இன்னும் கொஞ்சம் நிமிரட்டும்!" என்று வெளியே குரல் கேட்டது. நிமிர்த்தினேன். மூன்றாவது படம் எடுக்கும் சத்தம் கேட்டது. அதே சமயத்தில் அவன் எடை முழுவதும் என் கைகளில் இறங்கியது. நான் விடவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று புகைப்படக்காரர் சொல்கிற வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

கத்பான் கேப்டனிடம் போனார்.

"ஆள் செத்துட்டான் ஐயா."

"எப்போ?"

"படம் எடுக்கும்போது."

"படத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"அப்போ உயிரோட இருக்கான்," என்றார் கேப்டன் பொறுமையாக. "நாளைக்குப் பேப்பர்ல நாடே பாக்கப்போற ஆள, இன்னைக்கு நான் செத்துட்டான்னு எழுதினா என்ன ஆகும்? பேப்பர் பொய்யாயிடும். டாங்கி சேதமில்ல, குழு முழுசா பணியில. அவ்வளவுதான்."

 கத்பான் கத்த ஆரம்பித்தார். "மரம்யா அது! மரம்! அலமாரிப் பலகை! மரத்துக்காக ஒருத்தனக் கொன்னுட்டேன்யா நான்!" பாலத்தில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வயசான ஆளு," என்றார் கேப்டன். "என் காதுல விழல."

வாய்க்கால் ஓரத்தில் ஈச்ச மரங்களுக்கு நடுவே மிஸ்ஹரைப் புதைத்தோம். பெயர் எழுத விடவில்லை, பணியில் இருக்கிறவனுக்குச் சமாதி எதற்கு என்றார்கள். டாங்கியை லாரியில் ஏற்றி பாக்தாதுக்குக் கொண்டுபோனார்கள். போர் வெற்றி என்று அறிவித்தார்கள். கத்பான் தன் ஊரான ஹில்லாவுக்குப் போனார், அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை என்று கேள்வி. யூனான் நாட்டைவிட்டே போய்விட்டான்.

அடுத்த வருஷம் குளிர்காலத்தில் என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், உயரமானவள், கறுப்பு அங்கி. அமாராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பெயர் நஷ்மியா என்றாள். மிஸ்ஹரின் அக்கா. மேஜைமேல் ஒரு செய்தித்தாள் துண்டை விரித்து நீவிவிட்டாள்.

"ஆபீஸ்ல பதினோரு தடவ கேட்டுட்டேன் தம்பி. பணியில இருக்கான், பணியில இருக்கான்னே சொல்றாங்க. பணியில இருக்கிறவன் ஒரு கடுதாசி போடமாட்டானா? கீழ நாலு பேர் போட்டிருக்கு. உங்க பேரும் ஊரும் இருக்கு, உங்க மூஞ்சி இல்ல. அதான் தேடி வந்தேன்."

படத்தில் மிஸ்ஹர் இரண்டு விரலை விரித்துத் தூக்கியிருந்தான். சிரித்தபடிதான் இருந்தான்.

"இங்க பாருங்க," என்றாள் அவள். மூடியின் விளிம்பில், அவன் இடுப்புக்குப் பக்கத்தில், விரலை வைத்தாள். "ரெண்டு கை தெரியுது. யாரோ என் தம்பியப் பிடிச்சுட்டிருக்காங்க. நிக்கத் தெரியாதவனா அவன்? எதுக்குப் பிடிக்கணும்?"

சொல்லக் கூடாது. அவன் செத்துவிட்டான் என்றால் படம் பொய், பேப்பர் பொய், டாங்கி பொய். அடுத்த அறையில் தலைமை ஆசிரியர், அவர் ஆளும் கட்சிக்காரர். வகுப்பில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். விரலெல்லாம் சுண்ணக்கட்டித் தூள்.

அவள் படத்தைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள்.  அழவில்லை.

"கனமா இருந்தானா?" என்று கேட்டாள்.

"இருந்தான் அக்கா," என்றேன்.